அக்காவின் மன்னிப்பு

மன்னிப்பதில் அக்காவை மிஞ்ச ஒருவரும் கிடையாது. கிண்டலாகச் சொல்லவில்லை. சரி, பாதிக் கிண்டல்தான், மீதிப் பாதி சத்தியம். பூந்தமல்லி பஸ்ஸில் யாராவது அவள் காலை நங்கென்று மிதித்துவிட்டு ஸாரி சொல்ல வாயெடுப்பதற்குள், "அத்த உடுங்க சார், கூட்டம்னா மெறிக்கத்தான் செய்வாங்க" என்று அக்கா அவரைத் தேற்றத் தொடங்கியிருப்பாள். மிதித்த மனிதர் வெட்கப்பட்டுப்போய், இறங்கும்வரை அவளுக்கு ஸீட் பார்த்துக்கொண்டே வருவார். நான் இப்படி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அந்த நாளில் நான் அவளிடம் வாங்க, போங்க என்றுதான் பேசினேன். இப்போது எழுதினால் அவள், இவள் என்று வருகிறது. வரட்டும்.

பூந்தமல்லிக்குச் சற்று முன்னால் ஹைவேயை ஒட்டிய ஒரு கல்லூரியில் நாங்கள் இரண்டு பேரும் இயற்பியல் ஆராய்ச்சி மாணவிகள். ஒரே மாதத்தில் சேர்ந்தோம். நடுவில் இரண்டு மூன்று வருஷம் எங்கேயோ வேலை பார்த்துவிட்டு வந்தவள் என்பதால் லேபில் எல்லாருக்கும் அவள் அக்கா. அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஆப்பரேட்டர். கருத்தரங்கு மேடையில் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் பிளந்து கட்டிவிட்டு, கீழே இறங்கியதும் என் காதோரம் வந்து, "இன்னாமா, எப்டி கீது நம்ம டாக்கு?" என்று கேட்பாள். இதற்காகவே எனக்கு அவளைப் பிடித்தது. நான் முகப்பேர் ஃபிளாட்டில் வளர்ந்தவள். அப்பா அம்மாவுக்குத் திருநெல்வேலி. மெட்ராஸ் பாஷையை வாய்கூசாமல் பேசிக்கொண்டே குவாண்டம் இயற்பியல் சொல்கிற ஒரு பெண்ணை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எங்கள் வேலையைச் சொல்கிறேன், பயப்பட வேண்டாம். பென்சிலில் இருக்கிறதே கிராஃபைட், அதைச் செல்லோடேப்பால் உரித்து, உரித்ததை மறுபடி உரித்து, ஒரே ஓர் அணு கனத்துக்குக் கொண்டுவந்தால் அதற்குப் பெயர் கிராஃபீன். அப்படிப்பட்ட ஓர் ஏட்டின் மேல் இன்னோர் ஏட்டை லேசாகத் திருப்பி வைத்தால் எலக்ட்ரான்கள் ஓடும் விதமே மாறிவிடும். ஒரு டிகிரி கூடுதலாகத் திரும்பினால் ஒரு குணம், குறையத் திரும்பினால் வேறு குணம். அந்த ஓட்டத்தை அளப்பதுதான் எங்கள் பிழைப்பு. சொல்வதற்கு நாலு வரி. ஒரு சாதனம் செய்து முடிக்க நாலு மாதம்.

இதில் பாதி நேரம் மைக்ராஸ்கோப்பில் போய்விடும். டேப்பிலிருந்து ஒட்டி எடுத்த நூறு செதிலில் ஒன்று தேறினால் பெரிசு. எனக்குக் கண் பூத்துப்போகும். அக்கா பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்து, "தோ கீது பாரு, ஓரத்துல, வெளிறிப்போயி. அதான் ஒத்தை" என்பாள். ஒத்தை என்றால் ஓர் அடுக்கு. எனக்கு அப்போதும் தெரியாது. எனக்குத் தெரிகிறவரைக்கும் பக்கத்திலேயே நிற்பாள். கண்டுபிடித்தது தான்தான் என்று ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை. "கோமதி புட்சா" என்றுதான் எங்கள் கைடு சார் கிட்டே போய்ச் சொல்வாள்.

கோமதி நான்தான்.

லேப் அட்டெண்டர் ஒரு தடவை குவார்ட்ஸ் குழாயைக் கழுவும்போது கைதவறிப் போட்டு உடைத்துவிட்டார். அது அக்கா உபயோகிக்கிற குழாய். ஜெர்மனியிலிருந்து வந்தது. அவர் துடைப்பமும் கையுமாக நிற்கிறார். அக்கா துடைப்பத்தை அவர் கையிலிருந்து வாங்கித் தானே கூட்டி அள்ளினாள். "இன்னாண்ணா இப்போ, உசுரா பூட்சு? உடுங்க." அதற்கப்புறம் அந்த மனிதர் லேபில் மற்றவர்கள் கூப்பிட்டால் கால்மணி கழித்து வருவார். அக்கா இருமினால் ஓடி வருவார். நானும் ஒரு தடவை அவளுடைய சாதனம் இருந்த சிப்பைத் தலைகீழாகக் கீழே போட்டேன். ஆறு வாரத்து உழைப்பு. ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் என்னை மன்னித்துவிட்டாள். அன்று முதல் நான் மதியச் சாப்பாட்டில் அவளுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவலை அவள் பக்கம் தள்ளிவைக்கத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே தள்ளினேன்.

அவள் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டு நான் பார்த்திருக்கிறேனா என்று அப்போது யோசிக்கவே தோன்றவில்லை. அவள்தான் தப்பே பண்ணமாட்டாளே!

இப்போது அந்தச் சாதனத்துக்கு வருகிறேன். என் நான்காவது வருஷம், உதவித்தொகை முடிய ஐந்து மாதம் பாக்கி. ஏழெட்டு கெட்டு, கடைசியாக ஒன்று அமைந்தது. திருப்பிய கோணம் நினைத்தபடி வந்திருந்தது. மேலும் கீழும் போரான் நைட்ரைடு என்கிற மெல்லிய காப்பு ஏடு வைத்து மூடியிருந்தேன். சாதனத்தைக் கடுங்குளிரில் வைத்து அளக்கிற இயந்திரத்தில் பொருத்தி, குளிர வைக்கும் முன்பே சாயங்காலம் ஒரு சின்ன அளவு எடுத்துப் பார்த்தேன். கோடு அத்தனை அழகாக இறங்கி ஏறியது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "யம்மாடி! சோக்கா கீதுடீ" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். மறுநாள் காலை குளிர வைப்பதாக ஏற்பாடு. அதை வைத்து ஒரு கட்டுரை, கட்டுரையை வைத்துப் பட்டம். எல்லாம் அந்த ஒரு சாதனத்தில் இருந்தது.

இந்தச் சாதனங்களுக்கு ஒரு சாபம் உண்டு. நம் உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் ஒரு தடவை பட்டாலே போதும், பொசுங்கிவிடும். அதனால் சாதனத்துக்குப் போகிற ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு குட்டி ஸ்விட்ச். மேலே தள்ளினால் அளக்கலாம். கீழே தள்ளினால் எர்த். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். எங்களுக்கு இது செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவது மாதிரி, கை தானாகச் செய்யும்.

மறுநாள் ஒன்பது மணிக்கு நான் போனபோது கேட் கம்பியின் ஸ்விட்ச் மேலே நின்றது. கேட் என்பது எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்க மின்னழுத்தம் கொடுக்கிற கம்பி. அளந்து பார்த்தேன். காப்பு ஏடு ஓட்டை. சாதனம் செத்துக் கிடந்தது.

அக்கா எதிர் மேசையில் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள். அவள் எப்போதும் ஏழரைக்கே வந்துவிடுகிற ஆள்.

"இன்னாமா ஆச்சு?"

"கேட் ஸ்விட்ச் மேல இருக்குக்கா."

எழுந்து வந்தாள். ஸ்விட்ச் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நேத்து போம்போது கீய தள்ளுனியா? நல்லா ரோசன பண்ணிப் பாரு."

"தள்ளினேன்க்கா. தள்ளினேன்னுதான் நினைக்கிறேன்."

"நெனக்கிறியா, தெரியுமா?"

கை தானாகச் செய்கிற காரியத்தை யாருக்கு ஞாபகம் இருக்கும்? நேற்று வீட்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றினீர்களா என்று உங்களை யாராவது கேட்டால் சத்தியம் செய்வீர்களா? நான் அந்தச் சாயங்காலத்தை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பையை எடுத்தேன், விளக்கை அணைத்தேன், ஸ்விட்சைத் தள்ளினேனா? ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அந்த இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் மங்கியது. ஸ்விட்ச் மேலே நிற்பதை என் கண்ணாலேயே பார்த்தேனே. "மறந்துட்டேன் போல இருக்குக்கா" என்று நானே சொன்னேன். நானேதான் சொன்னேன்.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். "அழுவாத. மனுசங்கதான, மறதி வராதா? உடு."

சார் வந்தார். "நாலு வருஷமா இருக்கிற பொண்ணு, எர்த் போடாமப் போவியாம்மா?" என்றார். நடுவில் புகுந்தது யார்? அக்காதான். "சார், அவள ஒண்ணும் சொல்லாதீங்க, ஏற்கெனவே ஒடஞ்சி போய் கீறா." லேப் நோட்டில், 'என் கவனக்குறைவால் சாதனம் கெட்டது' என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவைக் கொடுத்தது அவள். அடுத்த வாரம் இயந்திரத்தில் எனக்கு இருந்த முறையைச் சார் அவளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். என் கோணம், என் அடுக்கு முறை எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் கட்டுரை வந்தது. கடைசி வரியில் எனக்கு நன்றி போட்டிருந்தாள். பார்த்துவிட்டு அழுதேன். நன்றியில் அழுதேன் ஐயா, வேறு எதற்காகவும் இல்லை.

உதவித்தொகை முடிந்ததும் பட்டமில்லாமல் வெளியே வந்தேன். வீட்டில் இடி விழுந்தமாதிரி இருந்தது. அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அப்போது அக்கா முகப்பேருக்கே வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவள திட்டாதீங்கம்மா. தெரிஞ்சா செஞ்சா? தங்கமான பொண்ணு" என்றாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்குச் சொதி ஊற்றிச் சாதம் போட்டாள். இன்றைக்கும் நான் ஏதாவது கோபப்பட்டால், "ஏட்டி, அந்தப் பிள்ளைக்கு இருந்த பொறுமையில கால்வாசி உனக்கு இருக்கா?" என்பாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆயிற்று. ஆனால் ஒன்று சொல்கிறேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் இறங்கித் திரும்பியிருக்கிறேன். வீட்டுக்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் சலித்துக்கொண்டார், இப்போது ஒன்றும் சொல்லாமல் என் கூடத் திரும்பி வருகிறார். எட்டு வருஷமாக என் கையை நானே நம்புவதில்லை.

போன மாதம் ஒரு பெண் ஃபோன் செய்தாள். எங்கள் சாரிடம் புதிதாகச் சேர்ந்திருக்கிற ஆராய்ச்சி மாணவி. பழைய நோட்டைப் பார்த்தாளாம், அந்தச் சாதனத்தின் கோணம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமாம்.

"மேடம், நீங்கதான் அந்தக் கோமதியா?"

"எந்தக் கோமதி?"

"தப்பா நினைக்காதீங்க மேடம். இங்க யாராவது எர்த் போடாமப் போயிட்டா, 'இன்னைக்கு ஒரு கோமதி ஆயிடுச்சு'ன்னு சொல்லுவோம். சேர்ந்த முதல் நாளே எங்களுக்கு அந்தக் கதையச் சொல்லிடுவாங்க." சொல்லுகிறவள் யார் என்று கேட்டேன். அக்காதான். இப்போது அதே துறையில் ஆசிரியை. "உங்களப் பத்தி நல்லவிதமாத்தான் மேடம் சொல்லுவாங்க. பாவம், ரொம்ப நல்ல பொண்ணுன்னு."

என் பெயரை ஒரு விபத்துக்கு வைத்திருக்கிறார்கள்!

கோணத்தைத் தேட வேண்டியிருந்ததால் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்தேன். கல்லூரியைவிட்டு வரும்போது அளவுக் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் மொத்தமாகக் காப்பி செய்து வந்திருந்தேன், ஒரு நாளும் திறந்ததில்லை. ஒரு தடவை அளப்பதை ஓட்டம் என்போம். அளக்கிற புரோகிராம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தானாகவே ஒரு நகலைத் தனி ஃபோல்டரில் போட்டுவைக்கும். யாரும் அந்தப் பக்கம் போகமாட்டோம். தேதி வாரியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாயங்காலம் நான் எடுத்த அளவு இருந்தது. அதற்கு அடுத்து, மறுநாள் காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு ஒன்று இருந்தது. அந்த நேரத்தில் நான் முகப்பேரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

திறந்தேன். ஓட்டியவர் என்ற இடத்தில் அக்காவின் இனிஷியல். கேட் எல்லை அறுபது வோல்ட்.

இந்த அறுபதை எங்கள் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அக்காவின் சாதனங்களில் கேட்டுக்கு அடியில் கனமான கண்ணாடிப் படலம். அறுபது வோல்ட்டைத் தாங்கும். என்னுடையதில் மெல்லிய நைட்ரைடு ஏடு. எட்டுக்கு மேல் போகக்கூடாது. புரோகிராம் அவரவர் கடைசியாகப் போட்ட எண்ணை ஞாபகம் வைத்திருக்கும், திறந்தால் அதே எண்ணோடுதான் வந்து நிற்கும். ஓட்டுவதற்கு முன்னால் நாம்தான் மாற்ற வேண்டும். அவள் மாற்றவில்லை. அவ்வளவுதான். பன்னிரண்டு வோல்ட்டில் கசிவு மின்னோட்டம் செங்குத்தாக ஏறியிருந்தது. அதோடு ஓட்டத்தை நிறுத்தியிருந்தாள். ஸ்விட்சைக் கீழே தள்ளாமல் விட்டிருந்தாள்.

ஸ்விட்சை அப்படி விட்டது மறதியா, வேண்டுமென்றா? அதைத்தான் கேட்கப் போனேன்.

அக்கா பூந்தமல்லிப் பக்கம் நூம்பலில் புது மனைப்பிரிவில் வீடு கட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. கதவைத் திறந்தவள் முகமெல்லாம் சிரிப்பு. "யாரு, கோமதியா? வாமா வா, குந்து. எத்தினி வருசமாச்சு! எளச்சிப் பூட்டியே!" தலையில் ஈரத்துண்டு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பாவி மனசு ஒரு நொடி சந்தோஷப்பட்டது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் உட்காரவில்லை. ஃபோனில் அந்த வரைபடத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். தேதியைக்கூடப் பார்க்கவில்லை, பழக்க தோஷத்தில் நேரே கோட்டைத்தான் பார்த்தாள். "லீக்கு பன்னெண்டுலயே ஏறிகினு போவுதே, யாருது இது..." என்றவள் நிறுத்திவிட்டாள். பிறகு மேலே இருந்த தேதியைப் படித்தாள். தலைத் துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒருவாட்டி ஓட்டிப் பாக்கலாம்னுதாமா போட்டேன். அவ்ளோ சோக்கா இருந்துச்சு அந்தக் கோடு. அறுவதுல நிக்குதுன்னு பாக்கல. சத்தியமா பாக்கல."

"அது எனக்கும் நடந்திருக்கும்க்கா. நான் அதக் கேக்க வரல. ஸ்விட்சக் கீழ தள்ளுனியான்னு என்னைக் கேட்டீங்களே, அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

அவள் துண்டை மடித்தாள், பிரித்தாள்.

"தெரியும்."

"ஏன்க்கா?"

"உன்க்கு ஊடு கீது, படிச்ச அப்பா கீறாரு. நீ எங்க போனாலும் பொழச்சிக்குவ. நா அங்கேர்ந்து போயிருந்தா எங்க போவேன்? எங்கப்பாவுக்கு அப்போ கையி வேற பூட்சு, லேத்துல."

அது பொய்யில்லை. அவள் அப்பாவின் கையை நான் பார்த்திருக்கிறேன். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே! அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மன்னிச்சிருப்பேனே!"

"மன்னிச்சிருப்ப." என் முகத்தை நேராகப் பார்த்தாள். "அதான் சொல்லல. மன்னிப்பு வாங்கிகினவங்க அப்பால எப்டி நிப்பாங்கன்னு எனுக்குத் தெரியும்மா. உன் எதுர்ல அப்டி நிக்க என்னால ஆவாது."

நான் எட்டு வருஷமாக, பார்க்காத நாளிலும், மனசுக்குள் அவள் எதிரில் அப்படித்தான் நின்றிருக்கிறேன். அவளுக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. கத்தத் தோன்றியது, கத்தவில்லை. "அந்தப் பசங்க என் பேரச் சொல்லிச் சிரிக்கிறாங்களே, அதையாவது நிறுத்தியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டேன்.

"நானா பேர் வெச்சேன்? பசங்களா வெச்சிகினாங்க." பிறகு குரலை இறக்கினாள். "கோமதி, இத்த அங்க யாருக்கும் அனுப்பிடாதமா. எனுக்குப் புரமோசன் வர்ற நேரம்."

அவள் பார்க்கவே அந்த மாணவிக்கு அனுப்பினேன். ஃபைலை இணைத்து, கோணத்தையும் எழுதி, 'சாதனம் கெட்டது எர்த் போடாததால் அல்ல, ஏழு ஐம்பத்திரண்டு ஓட்டத்தைப் பார்க்கவும்' என்று ஒரு வரி. அக்கா எழுந்து தடுக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒரே ஒரு வார்த்தை சொல்வாள் என்று நின்றேன், வெட்கமில்லாமல். உள்ளே மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

வேலப்பன்சாவடி பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பதில் வந்தது. அந்தப் பெண் கெட்டிக்காரி, ஃபைலைத் திறந்த உடனே புரிந்துகொண்டிருக்கிறாள். 'மேடம், ரொம்ப ஸாரி. இனிமே நாங்க அந்தப் பேரச் சொல்ல மாட்டோம். சார்கிட்ட காட்டணும். ஓட்டினவங்க யாருன்னு இனிஷியல் மட்டும்தான் இருக்கு, யாருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்டிருந்தாள்.

அந்த லேபில் படிக்கிற பெண்ணுக்கு அந்த இனிஷியல் யாருடையது என்று தெரியாதா? தெரியும். என் வாயால் வரட்டும் என்று கேட்கிறாள். இந்த இடத்தில் அக்காவாக இருந்தால், 'உடுமா, மனுசங்கதான' என்று சொல்லியிருப்பாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பஸ் வந்து நின்றது, ஏறவில்லை. அவள் பெயரை முழுதாக அடித்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, அனுப்பினேன்.